அத்தியாயம் 9: செல்லை மாற்றும் முன் தண்ணீரைப் பாருங்கள்

உப்பு குளோரினேட்டரின் கண்ட்ரோல் பாக்ஸில் சிவப்பு விளக்கு எரிகிறது. குளத்துப் படியில் கால் வைத்தால் வழுக்குகிறது. பராமரிப்புக்கு வந்தவர் எட்டிப் பார்த்துவிட்டு, "செல் போயிடுச்சு சார், புதுசு போட்டுடலாம்" என்கிறார்.

உடனே சரி என்று சொல்லிவிடாதீர்கள். சேலையூர், மாடம்பாக்கம், மேடவாக்கம் பக்கம் இப்படிக் கழற்றிப் போட்ட செல்கள் பலவற்றைக் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறேன். தகடுகளுக்கு நடுவே சுண்ணாம்பு அடைத்திருந்ததைத் தவிர அவற்றில் வேறு குறை எதுவும் இல்லை. ஆசிட்டில் கால் மணி நேரம் ஊறியிருந்தால் இன்னும் இரண்டு வருடம் ஓடியிருக்கும். செல்லை மாற்றுவது அரை நாள் வேலை, நீங்களே செய்யலாம். ஆனால் அது கடைசி வேலை. முதலில் சோதனை, அடுத்து கழுவல், அதற்குப் பிறகுதான் மாற்றம்.

கணக்குகளுக்கெல்லாம் ஒரே குளத்தை எடுத்துக்கொள்வோம்: 8 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், சராசரி ஆழம் 1.4 மீட்டர். ஏறத்தாழ 45,000 லிட்டர். உங்கள் குளத்தையும் இப்படி அளந்து, லிட்டரை பம்ப் ரூம் சுவரில் பெயின்ட்டால் எழுதிவையுங்கள்.

செல்லுக்குள் நடப்பது

லேசான உப்பு நீர் டைட்டானியம் தகடுகளுக்கு இடையே ஓடுகிறது. தகடுகளில் நேர்மின்சாரம் பாய்கிறது. உப்பிலிருந்து குளோரின் பிறந்து, கிருமியைக் கொன்று, மறுபடி உப்பாகிவிடுகிறது. அதனால் உப்பு செலவாவதில்லை. பேக்வாஷ், கசிவு, மழையில் வழிந்தோடும் நீர் ஆகியவற்றோடுதான் வெளியே போகிறது.

கூடவே மூன்று விஷயங்கள் நடக்கின்றன. பி.எச். மெல்ல ஏறும். தகட்டின் ஒரு பக்கத்தில் சுண்ணாம்பு படியும். ஹைட்ரஜன் வாயு வரும். நீர் ஓடும்வரை அந்த வாயு கலைந்து போய்விடும். நீர் நின்ற பிறகும் மின்சாரம் பாய்ந்தால் குழாய்க்குள் சேர்ந்து வெடிக்கக்கூடும். இந்த அத்தியாயத்தில் வேறெதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

தகட்டின் மேலுள்ள கருமையான பூச்சு ருத்தேனியம், இரிடியம் ஆக்சைடுகளால் ஆனது. செல்லின் ஆயுள் அதுதான். இதை வெளிநாட்டுச் சரக்கு என்று நினைக்க வேண்டியதில்லை. காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வகம் பூச்சிட்ட டைட்டானியம் ஆனோடில் முன்னோடி வேலை செய்த இடம். ஆலைகளுக்கான டைட்டானியம் ஆனோடு நம் மாடம்பாக்கம் பக்கத்திலேயே தயாராகிறது. ஆலைத் தகடுகளைக் கழற்றி மறுபூச்சு பூசுவார்கள். வீட்டுச் செல்லோ ஒட்டி மூடியது, அதைப் பிரித்துப் பூச முயல்வது வீண் செலவு.

ஆயுளை வருடத்தில் கணக்கிடாதீர்கள், மணியில் கணக்கிடுங்கள். 10,000 மணி நேரம் என்று போட்டிருக்கும் செல் தினம் 8 மணி நேரம் ஓடினால் 1,250 நாள், அதாவது மூன்று வருடம் ஐந்து மாதம். குளிர்நாடுகளில் வருடத்தில் சில மாதம் மட்டும் குளத்தைத் திறப்பவர்களுக்கு அதே செல் ஏழெட்டு வருடம் வரும். நமக்கு 365 நாளும் ஓடுகிறது.

முதலில் ஆறு சோதனைகள்

இந்த வரிசையிலேயே செய்யுங்கள். முதல் இரண்டிலேயே விடை கிடைத்துவிடுவது சகஜம்.

1. நீரோட்டம். ஸ்கிம்மர் கூடை, பம்ப் கூடை இரண்டையும் காலி செய்யுங்கள். ஃபில்டர் அழுத்தம் வழக்கத்தைவிட ஏறியிருந்தால் பேக்வாஷ் செய்யுங்கள். வேப்பிலை அடைத்து ஓட்டம் குறைந்தாலே 'நோ ஃப்ளோ' காட்டும்.

2. உப்பு. பெரும்பாலான கருவிகளுக்கு 3,000 முதல் 4,000 பி.பி.எம். வேண்டும். உங்கள் கருவியின் கையேட்டில் உள்ள எண்தான் கணக்கு. ஆர்.ஓ. தண்ணீர் பார்க்க வாங்கிய டி.டி.எஸ். பேனாவை இதற்கு நம்பாதீர்கள். அது உப்பையும் சுண்ணாம்பையும் பிரித்துச் சொல்லாது. 3,500 என்று பேனா காட்டும்போது அதில் ஆயிரத்துக்கு மேல் போர் தண்ணீரின் கடினத்தன்மையும் பிறவும் இருக்கலாம். குளோரைடு அளக்கும் பட்டையோ சொட்டு மருந்து டெஸ்ட் கிட்டோ வாங்குங்கள்.

3. பி.எச்., ஸ்டெபிலைசர். பி.எச். 7.2-க்கும் 7.8-க்கும் இடையே இருக்க வேண்டும். சயனூரிக் ஆசிட் என்ற ஸ்டெபிலைசர் 30-க்குக் கீழே போனால், நம் ஊர் வெயில் மதியத்துக்குள் குளோரினைத் தின்றுவிடும். 50-ஐ ஒட்டி வைத்தால் நல்லது.

4. இரவுச் சோதனை. பொழுது சாய்ந்ததும் குளோரினை அளந்து, செல்லை மட்டும் அணையுங்கள். விடியுமுன் மறுபடி அளங்கள். 1 பி.பி.எம்.-க்கு மேல் குறைந்திருந்தால் நீரில் பாசியோ அழுக்கோ குளோரினைத் தின்கிறது. செல் மேல் தவறில்லை. திரவ குளோரின் ஊற்றி முதலில் நீரைத் தெளிய வையுங்கள்.

5. வரும் நீர்ச் சோதனை. பம்ப் ஓடும்போது நீர் குளத்துக்குள் திரும்பும் வாயில் ஒரு மாதிரி, எதிர்க்கோடியில் ஒரு மாதிரி எடுங்கள். வாயில் குளோரின் தெளிவாகக் கூடுதலாக இருந்தால் செல் வேலை செய்கிறது.

6. வயரும் ஆம்பியரும். மெயினை அணைத்துவிட்டு செல் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். கருகிய முள், பச்சைக் களிம்பு இருந்தால் குறை அங்கே. ஒன்றுமில்லை என்றால் திரும்ப மாட்டி ஓட விட்டு ஆம்பியரைக் குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான கருவிகள் சில மணிக்கு ஒருமுறை மின்முனையை மாற்றும். இரண்டு திசையிலும் படியுங்கள்.

உப்பு சரி, நீரோட்டம் சரி, தகடு சுத்தம், ஆனாலும் ஆம்பியர் ஏறவில்லை. இந்த நான்கும் சேர்ந்தால்தான் பூச்சு தேய்ந்துவிட்டது என்று முடிவு கட்டலாம். ஒரு திசையில் மட்டும் ஆம்பியர் வராவிட்டால் கண்ட்ரோல் பாக்ஸின் ரிலேயும் காரணமாக இருக்கலாம். பாக்ஸைத் திறப்பது உங்கள் வேலை அல்ல. உள்ளே 230 வோல்ட் இருக்கிறது, அணைத்த பிறகும் கெபாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும். எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

உப்புக் கணக்கு

குளத்தின் லிட்டரைக் கூட்ட வேண்டிய பி.பி.எம்.-ஆல் பெருக்கி, பத்து லட்சத்தால் வகுத்தால் வருவது கிலோ. நம் குளத்தில் இப்போது 2,400, வேண்டியது 3,500 என்றால் 45,000 × 1,100 ÷ 10,00,000 = 49.5 கிலோ. ஒரு மூட்டை.

அந்த மூட்டையைப் பார்த்து வாங்குங்கள். மலிவான கல்லுப்பில் மண்ணும் சுண்ணாம்பும் மக்னீசியமும் சேர்ந்து வரும். மளிகைக்கடைத் தூள் உப்பில் அயோடினும் கட்டி பிடிக்காமலிருக்கச் சேர்க்கும் பொருளும் இருக்கும். வாட்டர் சாஃப்ட்னருக்கு விற்கும் சுத்திகரித்த உப்பு போதும்.

செல்லை அணைத்துவிட்டு பம்பை மட்டும் ஓட விடுங்கள். உப்பை ஸ்கிம்மரில் கொட்டாமல் குளத்தைச் சுற்றித் தூவி பிரஷ்ஷால் கலக்குங்கள். 24 மணி நேரம் கழித்து அளந்த பிறகு செல்லைப் போடுங்கள். முதலில் கணக்கில் முக்கால் பங்கு மட்டும் போடுவது நல்லது. குறைந்தால் இன்னும் கொஞ்சம் சேர்க்கலாம். கூடிப்போனால் நீரைக் கொட்டுவதைத் தவிர வழியில்லை.

நம் பக்கத்து நீர்

பல்லாவரத்திலிருந்து வண்டலூர் வரை காலடியில் சார்னோகைட் பாறை. போர் போட்டால் மேலே வருவது அந்தப் பாறை வெடிப்புகளில் வெகுகாலம் தங்கிய நீர். வாளி விளிம்பில் வெள்ளை வளையம், கெய்சர் காயிலில் ஓடு, ஷவர் துளைகளில் அடைப்பு எல்லாம் இந்தப் பக்கத்தில் குடியிருப்பவர்கள் அறிந்ததுதான். செல்லின் தகட்டில் படிவதும் அதே சுண்ணாம்பு. நீலாங்கரை, ஈஞ்சம்பாக்கம் பக்கம் கதை வேறு. அங்கே மணல் ஊற்று, கடல்நீர் கலந்த போர்கள் உண்டு. அந்த நீரை விட்டால் உப்பு தானாகவே ஏறும்.

கோடையில் என்ன நடக்கிறது என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். நம் குளத்தின் பரப்பு 32 சதுர மீட்டர். தினம் 6 மில்லிமீட்டர் ஆவியானால் 192 லிட்டர் போகிறது. போவது வெறும் நீர், சுண்ணாம்பு குளத்திலேயே தங்கிவிடும். அந்த 192 லிட்டரை 600 பி.பி.எம். கடினமுள்ள போர் தண்ணீரால் நிரப்பினால் தினம் 115 கிராம் சுண்ணாம்பு உள்ளே வருகிறது. 45,000 லிட்டரில் அது நாளுக்கு இரண்டரை பி.பி.எம். நூறு நாளில் 250. மார்ச்சில் 250 இருந்த கடினத்தன்மை ஜூன் நடுவில் 500-ஐத் தொட்டுவிடும். பி.எச். வேறு ஏறிக்கொண்டே இருக்கிறது. செல்லில் கல் கட்ட இதைவிட வேறென்ன வேண்டும்?

அதனால் குளத்துக்குக் கால்சியம் கடினத்தன்மை 200 முதல் 400 வரை என்று இலக்கு வையுங்கள். உங்கள் போர் தண்ணீரை ஒருமுறையாவது சோதனைக்கூடத்தில் கொடுத்து எண்ணைத் தெரிந்துகொள்ளுங்கள். குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகங்களில் கட்டணம் கட்டிப் பார்க்கலாம். 400-ஐத் தாண்டிய போர் என்றால் குறையும் நீரை சாஃப்ட்னர் வழியாக விடுங்கள். குடிநீர் இணைப்போ லாரித் தண்ணீரோ இருந்தாலும் அளக்காமல் விடாதீர்கள். எந்த லாரி எந்தக் கிணற்றில் நிரப்பியது என்பது உங்களுக்குத் தெரியாது.

எல்லாவற்றையும்விட நல்ல நீர் மொட்டைமாடியிலிருந்து வருகிறது. சென்னையின் ஆண்டு மழை சுமார் 140 சென்டிமீட்டர், நம் குளத்தின் ஆழமும் அதேதான். குளத்தின் மேல் நேரே விழும் மழை மட்டும் வருடத்துக்கு ஒரு குளம் நீர். முதல் மழையில் மாடியைக் கழுவ விட்டு, அடுத்த மழைகளைத் தொட்டியில் பிடித்து ஃபில்டர் வழியாகக் குளத்துக்குக் கொடுங்கள். கடின நீரைக் குறைக்க இதைவிட மலிவான வழி எனக்குத் தெரிந்து இல்லை.

திரும்பும் வாயில் வெள்ளைச் செதில்கள் பனித்துகள் போல் விழுந்தால் பயப்பட வேண்டாம். முனை மாறும்போது உதிரும் சுண்ணாம்பு அது. ஆனால் அதைக் கண்ட வாரமே கடினத்தன்மையையும் பி.எச்.-ஐயும் அளங்கள்.

செல்லைக் கழுவுதல்

மூன்று மாதத்துக்கு ஒருமுறை கழற்றிப் பாருங்கள். வெள்ளைப் படிவு இல்லையென்றால் அப்படியே மாட்டிவிடுங்கள். ஒவ்வொரு ஆசிட் கழுவலும் பூச்சில் கொஞ்சத்தைக் கொண்டுபோகும். 'எதற்கும் ஒருமுறை கழுவி வைப்போம்' என்ற நல்லெண்ணம் செல்லின் ஆயுளைக் குறைக்கிறது.

வேண்டியவை: ரப்பர் கையுறை, கண்ணாடி, பிளாஸ்டிக் வாளி, மியூரியாட்டிக் ஆசிட், சமையல் சோடா, பக்கத்தில் ஓடும் குழாய் நீர். 2013-இல் உச்ச நீதிமன்றம் ஆசிட் விற்பனைக்குக் கட்டுப்பாடு விதித்த பிறகு கடையில் அடையாள அட்டை கேட்பார்கள். கொண்டுபோங்கள்.

1. எம்.சி.பி.யை அணைத்து, வால்வுகளை மூடி, செல்லைக் கழற்றுங்கள்.
2. தோட்டத்துக் குழாயால் பீய்ச்சுங்கள். தளர்ந்த படிவு இதிலேயே போகும். மரக்குச்சி, பிளாஸ்டிக் பட்டை பயன்படுத்தலாம். ஸ்க்ரூ டிரைவர் தகட்டைத் தொடவே கூடாது.
3. திறந்த வெளியில், காற்று உங்கள் முதுகுப் பக்கமிருந்து வீசும்படி நில்லுங்கள். வாளியில் பத்துப் பங்கு நீர் எடுத்து, அதில் ஒரு பங்கு ஆசிட்டை மெல்ல ஊற்றுங்கள். ஆசிட்டுக்குள் நீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும்.
4. செல்லின் ஒரு வாயை அடைத்து நிறுத்தி, தகடு மூழ்கும்வரை கரைசலை ஊற்றுங்கள். வயர் முனையில் ஒரு சொட்டும் படக்கூடாது.
5. நுரை அடங்கியதும் கொட்டிவிடுங்கள். பத்து நிமிடம் போதும், கால் மணி நேரத்தைத் தாண்ட வேண்டாம். படிவு மிச்சமிருந்தால் அலசிவிட்டு இன்னொரு முறை.
6. நல்ல நீரில் அலசி மாட்டுங்கள். மீந்த கரைசலில் நுரை நிற்கும்வரை சமையல் சோடா போட்டு, பிறகு நிறைய நீரோடு சாக்கடையில் விடுங்கள். மொசைக், மார்பிள் தரையில் கொட்டினால் தரை அரித்துவிடும்.

ஆபத்து: ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். மூடிய பம்ப் ரூமில் அது ஆளைக் கொல்லும். இரண்டையும் ஒரே அலமாரியில் வைக்காதீர்கள். ஒரே வாளியையும் ஒரே குவளையையும் இரண்டுக்கும் பயன்படுத்தாதீர்கள்.

புதுச் செல் வாங்கும்போது

செல்லின் திறனை மணிக்கு எத்தனை கிராம் குளோரின் என்று சொல்வார்கள். வெயில் நாளில் நம் குளம் 4 பி.பி.எம். இழக்கிறது என்று வைத்துக்கொண்டால் தினம் 180 கிராம் வேண்டும். 8 மணி நேரத்துக்குப் பங்கிட்டால் 22.5. முப்பது கிராம் செல் வாங்கினால் அது மூச்சு வாங்காமல் ஓடும், ஆயுளும் கூடும். ஆனால் பழைய கண்ட்ரோல் பாக்ஸ் அதற்கு ஈடு கொடுக்க வேண்டும். பாக்ஸும் செல்லும் ஒரே மாடலுக்கானவை என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். 'இதுவும் பொருந்தும்' என்ற வாய்வார்த்தை போதாது.

பிறகு குழாய் அளவு. இங்கேதான் ஞாயிற்றுக்கிழமைகள் வீணாகின்றன. கடையில் 'ரெண்டு இன்ச்' என்று சொன்னால் இரண்டு வகைக் குழாய் வரும். வீட்டு பிளம்பிங்கில் ஓடும் ஒன்றின் வெளிவிட்டம் 60.3 மில்லிமீட்டர், விவசாயக் குழாயாகவும் பூல் சாமான்களிலும் வரும் மற்றொன்று 63 மில்லிமீட்டர். ஒன்று மற்றொன்றில் பொருந்தாது. வெர்னியரால் அளந்து, பழைய யூனியனையும் கையில் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.

மாற்றும் முறை

1. இப்போதிருக்கும் அமைப்பை நான்கு பக்கமும் போட்டோ எடுங்கள். நீரோட்ட அம்புக்குறி படத்தில் தெரிய வேண்டும்.
2. பம்ப், குளோரினேட்டர் இரண்டின் எம்.சி.பி.யையும் அணையுங்கள். 'வேலை நடக்கிறது' என்று எழுதி ஒட்டி, வீட்டில் உள்ளவர்களிடமும் சொல்லுங்கள். இன்வெர்ட்டரிலோ ஜெனரேட்டரிலோ அந்த இணைப்பு இருந்தால் அதையும் துண்டியுங்கள். மின்வெட்டு நேரத்தில் 'கரண்ட்தான் இல்லையே' என்று கை வைப்பவர்களுக்கே ஷாக் அடிக்கிறது.
3. வால்வுகளை மூடுங்கள். பம்ப் ரூம் தரை குளத்து நீர்மட்டத்துக்குக் கீழே இருந்து, இதைத் தவறவிட்டால் குளமே அறைக்குள் வரும்.
4. ஃபில்டரின் காற்றுத் திருகைத் திறந்து அழுத்தத்தை இறக்குங்கள்.
5. செல் பிளக்கைக் கழற்றுங்கள்.
6. யூனியன்களைக் கையால் திருகிக் கழற்றுங்கள். இறுகியிருந்தால் ஸ்ட்ராப் ரென்ச் எடுங்கள். பைப் ரென்ச்சின் பல் பி.வி.சி.யைப் பிளந்துவிடும்.
7. ஓ-ரிங் உட்காரும் பள்ளத்தைத் துணியால் துடையுங்கள். புது ஓ-ரிங்குக்கு சிலிகான் கிரீஸ் மட்டும் பூசுங்கள். வாசலைன் ரப்பரை ஊத வைக்கும்.
8. அம்புக்குறி நீர் போகும் திசையைப் பார்க்கும்படி செல்லை வையுங்கள். ஃபில்டருக்குப் பிறகு, குளத்துக்குத் திரும்பும் முன் கடைசிக் கருவியாக செல்தான் இருக்க வேண்டும்.
9. யூனியனைக் கையால் இறுக்குங்கள். அதற்கு மேல் அழுத்த வேண்டாம்.
10. வால்வைத் திறந்து, பம்பை மட்டும் ஓட்டி, காற்று முழுக்க வெளியேறும்வரை காத்திருங்கள். பத்து நிமிடம் கசிவு பாருங்கள்.
11. பம்பை நிறுத்திப் பிளக்கை மாட்டி, மறுபடி பம்பை ஓட்டிய பிறகு குளோரினேட்டரைப் போடுங்கள். முதல் நாள் 50 சதவீதத்தில் ஓடட்டும்.
12. இப்போது ஓடும் நிலையில் பம்பை அணையுங்கள். சில நொடிகளில் குளோரினேட்டர் தானாக நிற்க வேண்டும். நிற்காவிட்டால் ஃப்ளோ ஸ்விட்சைச் சரிசெய்யாமல் அன்றிரவு ஓட விடாதீர்கள்.
13. மறுநாள் மாலை குளோரினை அளங்கள். 1-க்கும் 3-க்கும் இடையே நிற்கும்படி சதவீதத்தை மாற்றுங்கள். மாட்டிய தேதியையும் ஆம்பியரையும் செல் மேலேயே எழுதுங்கள்.

பன்னிரண்டாவது படியை வலியுறுத்திச் சொல்கிறேன். 'நோ ஃப்ளோ' தொல்லை தாங்காமல் ஃப்ளோ ஸ்விட்சை ஜம்பர் வயரால் இணைத்துவைக்கும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. கரண்ட் போய் வரும்போது பம்ப் காற்றுப் பிடித்து நீர் இழுக்காமல் சுற்றும், செல் மட்டும் ஹைட்ரஜனை நிரப்பிக்கொண்டிருக்கும். உங்கள் வீட்டில் அப்படி ஒரு ஜம்பர் இருந்தால் இன்றே எடுத்துவிடுங்கள். குளத்துச் சாதனங்கள் எல்லாவற்றுக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருக்கிறதா, எர்த் பிட் கோடையில் காய்ந்து கிடக்கிறதா என்றும் பாருங்கள்.

மழைக்கு முன்னும் பின்னும்

செப்டம்பரில் உப்பு கொஞ்சம் குறைவாகக் காட்டினால் கருவி ஓடும் அளவுக்கு மட்டும் போடுங்கள். வடகிழக்குப் பருவமழை எப்படியும் அதை வழித்துக்கொண்டு போகும். 20 சென்டிமீட்டர் மழை நிரம்பிய குளத்தில் விழுந்து வழிந்தால் 3,500 இருந்த உப்பு சுமார் 3,000 ஆகும். 2015 டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் பதிவானது. அப்படி ஒரு நாளில் உப்பு 2,500-க்கு இறங்கிவிடும். மழை ஓய்ந்து ஜனவரியில் அளந்து, அப்போது மொத்தமாகச் சரிசெய்யுங்கள்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது முடிச்சூர், வரதராஜபுரம் வீடுகளுக்குள் நீர் புகுந்தது நினைவிருக்கும். கண்ட்ரோல் பாக்ஸை உங்கள் தெருவில் நீர் ஏறிய உயரத்துக்கு மேல் சுவரில் ஏற்றுங்கள். புயல் எச்சரிக்கை வந்ததும் எம்.சி.பி.யை அணைத்து செல் பிளக்கைக் கழற்றிவிடுங்கள். இரண்டு மூன்று நாள் குளோரின் கையால் ஊற்றிக்கொள்ளலாம்.

கடின நீரைக் குறைக்க வேண்டும் என்று மழைக்காலத்தில் குளத்தை முழுக்கக் காலி செய்யாதீர்கள். நிலத்தடி நீர் மேலேறியிருக்கும்போது வெற்றுக் குளத்தின் தரையை அது கீழிருந்து தள்ளி விரிசல் விட வைக்கும், சில நேரம் குளத்தையே தூக்கிவிடும். கால் பங்கு இறக்கி, மழைநீரால் நிரப்பி, மறுபடி கால் பங்கு என்று செய்யுங்கள்.

இறக்கும் நீரும் பேக்வாஷ் நீரும் உப்பு நீர் என்பதை மறக்க வேண்டாம். கறிவேப்பிலைச் செடிக்கும் மாமரத்துக்கும் அதை விடக்கூடாது. மழைநீர் சேகரிப்புக் குழிக்குள் ஒரு சொட்டும் போகக்கூடாது. 2003 முதல் வீட்டுக்கு வீடு நாம் வெட்டிவைத்த குழிகள் அவை. பக்கத்து வீட்டுக் கிணறும் அதே நிலத்தடி நீரில்தான் ஊறுகிறது. பேக்வாஷ் குழாய் எங்கே போய் முடிகிறது என்று இந்த வாரமே ஒருமுறை நடந்து பார்த்து, குழிப்பக்கம் திரும்பியிருந்தால் சாக்கடைக்கு மாற்றுங்கள்.